ஆறு விரல்

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வருகிறது என்று ஊரே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. மலாக்காவில் பாலத்துக்குப் பாலம், முச்சந்திக்கு முச்சந்தி தோரணக்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். தாதிப் படிப்பு நடத்துகிறவர்களுக்கும் அப்போதுதான் ஒரு யோசனை உதித்தது. படிக்கிற பெண்கள் ஆஸ்பத்திரிக் கட்டில்களையே சுற்றிக்கொண்டிருந்தால் போதாது, ஆஸ்பத்திரிப் பக்கம் வராத ஏழைப் பெண்களை அவர்கள் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும், அதையும் பாடமாக வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். யோசனை நல்ல யோசனைதான். யாரை எங்கே அனுப்புவது என்று பங்கு போட்டபோதுதான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள்.

காஜா பெராங்கில் செட்டிகள் குடியிருக்கிற கம்பத்துக்கு ருக்மணியும் விஜயாவும் என்று எழுதினார்கள். இரண்டும் தமிழ்ப் பெண்கள், போகிற இடத்தில் கும்பிடுவது மாரியம்மனை, அதனால் பேச்சுக்குப் பேச்சு ஒத்துப்போகும் என்பது கணக்கு. செட்டி என்றதும் வட்டிக்கடை ஞாபகம் வர வேண்டாம். இவர்கள் பல தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்து, இந்த ஊர்ப் பெண்களைக் கட்டி, இங்கேயே வேர் விட்டவர்கள். பெயர் கண்ணம்மா, மீனாச்சி என்று இருக்கும். வாசலில் மாவிலை தொங்கும். வாயைத் திறந்தால் மலாய்தான் வரும், அதுவும் அவர்களுக்கே உரிய ஒரு மலாய்.

முதல் வாரம் இரண்டு பெண்களும் ஏமாந்து போனார்கள். இரண்டாவது வாரம் அதில் ஒரு சௌகரியம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நோயாளி முன்னால் நோயாளியைப் பற்றிப் பேசக் கூடாது என்று வகுப்பில் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லியிருந்தார்கள். அந்த விதி தமிழுக்கு இல்லை என்று இவர்களாக வைத்துக்கொண்டார்கள். யாருடைய வீட்டில் என்ன நாற்றம், எவளுடைய கழுத்தில் எவ்வளவு அழுக்கு என்று சிரித்த முகத்தோடு, பாடம் ஒப்பிக்கிற குரலில், தமிழில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பெண்களும் தாதி மிஸ்ஸிகள் ஏதோ வைத்தியம் பேசுகிறார்கள் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ருக்மணிக்குப் பத்தொன்பது வயது. தெங்கேராவில் பிறந்து வளர்ந்தவள், அப்பா ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். கை சுத்தம், எழுத்து சுத்தம், வகுப்பில் எப்போதும் முதலில் எழுந்து பதில் சொல்கிறவள். முதலில் பதில் சொல்லிப் பழகியவர்களுக்கு, பதில் தப்பாகவும் இருக்கலாம் என்ற நினைப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அவர்களுக்குக் கொடுத்த வீடுகளில் ஒன்று மீனாச்சியுடையது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்தப் பலகை வீடும் பின்னால் ஒரு கிணறும்தான். புருஷன் அப்பாசாமி செட்டி ஆள் இல்லை. குருபோங் ரப்பர்த் தோட்டத்துத் தமிழன். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் மூட்டை இறக்க வந்தவன், அவள் கூடையில் வைத்து விற்ற பலகாரத்தைத் தின்று ருசி கண்டு, ஒரு வருஷம் தின்ற பிறகு அவளையே கட்டிக்கொண்டான். ஐந்து வருஷமாகப் பிள்ளை இல்லை. நடுவில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நல்ல சம்பளம் என்று போனவன், எட்டு மாதம் கழித்துப் பொங்கலுக்குத்தான் திரும்பி வந்தான். வந்த கையோடு மீனாச்சி முழுகாமல் இருந்தாள். வீட்டில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவன் ரப்பர் ஷீட் ஏற்றுகிற லாரியில் ஏறிக்கொண்டு, இனி சிங்கப்பூர் பேச்சே இல்லை என்றுவிட்டான். அவனுடைய அக்கா அஞ்சலை, புருஷனை இழந்தவள், தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள், தம்பி பெண்டாட்டிக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று தோட்டத்துக் கணக்கில் பேர் வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மீனாச்சி வயிற்றோடும் வேலையை விடவில்லை. முந்தின நாள் பாசிப்பயறு ஊறவைத்து, விடிவதற்குள் வேகவைத்து இடித்து, தேங்காயும் சீனியும் போட்டு உருட்டி, அரிசி மாவில் தோய்த்துப் பொரிப்பாள். கண்டா கஸ்தூரி என்பாள் அவள். "இது எங்க ஊர்ச் சுழியந்தானே, இதுக்கு இம்மாம்பெரிய பேரா" என்பாள் அஞ்சலை. ஒன்பது மணிக்குள் காப்பிக்கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் கூடை காலியாகிவிடும். சாயங்காலக் கூடைக்குப் பகலில் இன்னொரு ஈடு போடுவாள்.

ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை. வெயில் தகரக் கூரையைப் பிளந்துகொண்டிருந்தது. மிஸ்ஸிகள் வேலை செய்யும் முறை என்னவென்றால், ஒருத்தி உள்ளே கர்ப்பிணியைப் படுக்கவைத்துக் கையால் பார்த்துச் சொல்வாள், இன்னொருத்தி வராந்தாவில் உட்கார்ந்து அட்டையில் எழுதுவாள். வயிறு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைத் தொப்புளுக்கு மேல் விரலை வைத்து அளப்பார்கள். இத்தனை விரல் என்றால் இத்தனை மாதம் என்று ஒரு கணக்கு உண்டு. அன்றைக்கு உள்ளே இருந்தவள் ருக்மணி.

"எத்தனடி?" என்று வராந்தாவிலிருந்து விஜயா கேட்டாள்.

"ஆறு விரல்."

"ஆறா? மூணுதானே இருக்கணும்? சரியாப் பாரு."

"ரெண்டு தரம் வச்சுப் பாத்துட்டேன். ஆறு விரல்னா எட்டு மாசம்."

"அவ ஆறு மாசம்னுல்ல சொன்னா?"

"புருசன் சிங்கப்பூர்லேருந்து பொங்கலுக்குத்தான் வந்தானாம், இப்பத்தான் சொன்னா." ருக்மணி குரலைக் குறைக்கவில்லை. எதற்குக் குறைக்க வேண்டும்? "வந்தவன் கணக்கு ஆறு மாசம். வயித்துக் கணக்கு எட்டு மாசம். நடுவுல ரெண்டு மாசம் இடிக்குதே, அத யாரு பேர்ல எழுதுறது?"

விஜயா சிரித்தாள். ருக்மணியும் சிரித்தாள். படுத்திருந்த மீனாச்சி, பிள்ளை நன்றாக இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

பின்கட்டில் சாரோங்கும் சட்டையுமாக ஒரு பெண் உட்கார்ந்து பயறு இடித்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸிகள் வந்தபோது மீனாச்சியிடம் மலாயில் ஏதோ சொல்லிவிட்டுப் போனவள். அவளையும் செட்டி என்றே இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முழங்கையில் பச்சை குத்தியிருந்ததை ஒருத்தியாவது பார்த்திருக்கலாம். உலக்கைச் சத்தம் நடுவில் நின்றுபோனதையாவது கவனித்திருக்கலாம். இரண்டையும் கவனிக்கவில்லை. விஜயா பென்சிலால் ஆறு என்று எழுதினாள். பையை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த புதன்கிழமை ருக்மணி தனியாக வந்தாள். மெர்டேக்கா அணிவகுப்புக்கு உயரமான பெண்கள் வேண்டும் என்று விஜயாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் இந்த வீடுகள் ருக்மணி ஒருத்திக்கே என்று ஆகிவிட்டது. கிணற்றடியில் கை கழுவக் குனிந்தபோது, தண்ணீர் இறைத்துக் கொடுத்த பெண் கேட்டாள்.

"பசியாறிட்டியாம்மா?"

ருக்மணியின் கையிலிருந்து சோப்பு வழுக்கிச் சேற்றில் விழுந்தது.

"அக்கா... நீங்க தமிழா?"

"குருபோங் தோட்டம். அப்பாசாமிக்கு நான்தான் அக்கா. அஞ்சலை." அவள் வாளியைக் கீழே வைத்தாள். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. களைத்துப்போன மாதிரி இருந்தது. "ஆறு விரல்னா எட்டு மாசம்னியே. அது எப்படிம்மா? நிச்சயந்தானா?"

"இல்லக்கா. அது சும்மா... நாங்க படிக்கிற பிள்ளைங்க, வெளையாட்டுக்கு..."

"வெளையாட்டா." அஞ்சலை அந்தச் சொல்லை மென்று பார்த்தாள். "நான் தம்பிகிட்ட சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னமோ. வயிறு எரிஞ்சுச்சு, சொல்லிட்டேன். அஞ்சு வருசமா இல்லாதது, அவன் கடலத் தாண்டிப் போயிருந்தப்ப எப்படி வந்துச்சுன்னு கேட்டுட்டேன். அன்னியிலேருந்து அவன் அவகிட்ட ஒரு வார்த்த பேசல. சோறு கடையில. படுக்க லாரிக் கொட்டாய்ல. நீ படிச்ச பிள்ள. நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்?"

"திரும்ப அளந்து பாக்குறேன்க்கா. அன்னிக்குத் தப்பா இருக்கும்."

"பாரு. என் கண்ணு முன்னால பாரு."

ருக்மணி பார்த்தாள். தப்பாக இருக்க வேண்டுமே, மாரியம்மா, தப்பாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு விரலை வைத்தாள். ஏழு விரல் இருந்தது. ஒரு வாரத்தில் இன்னும் ஏறியிருந்தது. அஞ்சலை கதவோரம் நின்று அவள் முகத்தையே பார்த்தாள்.

"மூணு விரல்தான்க்கா," என்றாள் ருக்மணி. "அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன். ஆறு மாசந்தான். கணக்கு சரியா இருக்கு."

அழிரப்பரை எடுத்து விஜயா எழுதியிருந்த ஆறைத் தேய்த்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று என்று எழுதினாள். தாள் கொஞ்சம் சுருண்டது, விரலால் நீவிவிட்டாள். ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று அவள் அப்போது மனசார நம்பினாள். தன் தோலையும் சேர்த்துத்தான் காப்பாற்றிக்கொள்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அஞ்சலை நம்பவில்லை. "இப்ப மாத்திப் பேசுறே," என்றாள். "உன் மூஞ்சியில தெரியுது. என் தம்பி குடும்பம் கெடக் கூடாதுன்னு சொல்றே. நல்ல மனசுதான். ஆனா அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே சொன்னது தானா வந்ததுதானேம்மா?"

பொய் சொல்லிக் காப்பாற்றப் போனவளின் பொய் அந்த வாசல்படியைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் அட்டையில் மட்டும் நன்றாக உட்கார்ந்துகொண்டது. மூன்று என்று எழுதியவள் அடுத்தடுத்த வாரங்களில் நாலு, ஐந்து என்று ஏற்றிக்கொண்டு போனாள். வயிறு ஒரு பக்கம் வளர்ந்தது, அட்டை ஒரு பக்கம் வளர்ந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

வட்டாரத்துக்குப் பொறுப்பான பிடான், அதாவது மருத்துவச்சி, சாரதாம்பாள். நாற்பதைத் தாண்டியவள், சைக்கிளில்தான் போவாள் வருவாள், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிக்கு அவள் கைதான் முதல் கை. கர்ப்பிணிகளின் அட்டையை மாதம் ஒருமுறை பார்த்து, எது இடிக்கிறதோ அந்த வீட்டுக்கு முதலில் போவாள். ஆகஸ்டில் மீனாச்சியின் அட்டையைப் பார்த்தாள். தேதிக்குத் தேதி, விரலுக்கு விரல் அச்சடித்த மாதிரி இருந்தது. "கண்ணுல ஒத்திக்கலாம் போல எழுதியிருக்கே," என்று ருக்மணியைப் பாராட்டிவிட்டு வேறு வீட்டுக்குப் போனாள்.

மீனாச்சியின் வீட்டில் அந்த இரண்டு மாதமும் தமிழ்தான் நடந்தது. அப்பாசாமி துணி மாற்ற வந்தால் அக்காவும் தம்பியும் பின்கட்டில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். அவன் போன பிறகு அஞ்சலை கஞ்சி வைப்பாள், சுடுதண்ணீர் வைப்பாள். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. மீனாச்சியின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். மீனாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பயறு இடித்தாள், உருட்டினாள், பொரித்தாள். கால் வீங்கிச் செருப்பில் நுழையாமல் வெறுங்காலோடு பள்ளிக்கூட வாசலுக்குப் போனாள்.

ஒரு புதன்கிழமை ருக்மணி போனபோது அவர்கள் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"பெறட்டும். பெறந்ததுக்கு அப்புறம் பாத்துக்கலாம்," என்றான் அப்பாசாமி. "மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சா என்னடா செய்வே? இது அவ வீடு. நீதான் துணிமணியத் தூக்கிக்கிட்டுப் போவணும்."

"போறேன். தோட்டத்துக்கே போயிர்றேன். இந்த மானக்கேட்டுக்கு அது தேவல."

மீனாச்சி ருக்மணியின் கையைப் பிடித்தாள். உள்ளங்கை மாவாக இருந்தது. "மிஸ்ஸி, டியா சக்காப் அபா?" என்று கேட்டாள். அவர் என்ன சொல்கிறார்? அதற்கப்புறமும் மலாயிலேயே சொல்லிக்கொண்டு போனாள். "எனக்குக் கேட்க யாரும் இல்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. சமையலில் ஏதாவது தப்பா? மரியாதையில் ஏதாவது குறையா? உங்களுக்கு அந்தப் பேச்சு தெரியும். சொல்லுங்கள், நான் திருத்திக்கொள்கிறேன்."

ருக்மணி மலாயில் சொன்னாள்: "நீங்கள் நிறைய ஓய்வு எடுக்க வேண்டுமாம். அதைத்தான் பேசிக்கொள்கிறார்கள்."

மீனாச்சி அதை நம்பினாள். அவ்வளவு சந்தோஷப்பட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இலையில் இரண்டு கண்டா கஸ்தூரி வைத்து மடித்து, "பஸ்ஸில் சாப்பிடுங்கள்" என்று கொடுத்தாள். ருக்மணி பஸ்ஸில் அதைத் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. விடுதிக்குக் கொண்டுபோய், சூடு ஆறி எண்ணெய் கசிகிற வரைக்கும் மேசையில் வைத்திருந்தாள். எவளிடமாவது சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் எழுந்தாள். சொன்னால் படிப்பு போய்விடும். மகள் மிஸ்ஸி ஆகப்போகிறாள் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். இரண்டு தரமும் உட்கார்ந்துவிட்டாள்.

மெர்டேக்கா வந்தது, வேட்டு வெடித்தது, தோரணம் காய்ந்து சரசரத்தது. செப்டம்பர் முதல் புதன்கிழமை பகல் பன்னிரண்டுக்கு ருக்மணி காஜா பெராங்கில் இறங்கியபோது வானம் இருண்டுகொண்டு வந்தது. வீட்டு வாசலை மிதிப்பதற்குள் மழை கொட்டியது. உள்ளே அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மீனாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் தண்ணீர்.

"இன்னும் ஒரு மாசம் இருக்குல்ல?" என்று கேட்டாள் அஞ்சலை. கேட்டுவிட்டு, அவளே சிரிப்பில்லாத ஒரு சிரிப்புச் சிரித்தாள். "ஆமா. உன் மொதக் கணக்குப்படி இது சரியான நேரந்தான்."

பக்கத்து வீட்டு ஆள் சைக்கிளில் ஓடிப்போய் சாரதாம்பாளைக் கூட்டிவந்தான். அவள் சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்தபோது தலை தெரிய ஆரம்பித்துவிட்டது. வயிற்றைத் தொட்டுப் பார்க்க நேரம் இல்லை. கையைக் கழுவிக்கொண்டே, "தேதிக்கு முன்னாலயே வந்திருச்சே. அட்டையக் காட்டு," என்றாள். ருக்மணி அட்டையை அவள் கண்ணெதிரே பிடித்தாள். "அஞ்சு விரல். சரி, சின்னப் பிள்ளதான். சுலபமா வந்திரும்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அட்டை பொய் அக்கா, வயிறு இதைவிடப் பெரிசு என்று ஏழெட்டுச் சொல். ருக்மணி வாயைத் திறந்தாள். அஞ்சலை கதவில் நின்றாள், மழை கூரையை அடித்தது, மீனாச்சி முக்கினாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

பெண் குழந்தை. சின்னதுதான், ஆனால் வந்ததும் வராததுமாக அழுது வீட்டை இரண்டாக்கியது. சாரதாம்பாள் வழக்கம்போல, எல்லாப் பிரசவத்துக்கும் போடுகிற மாதிரி, கருப்பை சுருங்கி ரத்தம் நிற்கிற ஊசியைத் தொடையில் போட்டாள். போட்டுவிட்டு வயிற்றில் கையை வைத்தாள். அந்த முகத்தை ருக்மணி சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள்.

"இன்னொண்ணு இருக்கு," என்றாள் சாரதாம்பாள். "ஐயோ, இன்னொண்ணு இருக்குடி. ஊசியப் போட்டுட்டேனே."

பிள்ளை உள்ளே இருக்கும்போது அந்த ஊசியைப் போடக் கூடாது. பை இறுகிப் பிடித்துக்கொள்ளும், உள்ளே இருப்பதற்கு மூச்சு கிடைக்காது. அரை மணி நேரத்துக்கு மேல் போராடினாள் சாரதாம்பாள். வந்தது ஆண். நீலமாக வந்தது. வாயோடு வாய் வைத்து ஊதினாள், சுடுதண்ணீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினாள், முதுகைத் தேய்த்தாள். மழை நின்றபோது அவளும் நிறுத்தினாள்.

அஞ்சலை சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெட்டையாம்மா?" என்று ருக்மணியிடம் கேட்டாள். "அதுக்குத்தானா அந்த வயிறு?"

ருக்மணி தலையை ஆட்டினாள். அன்று விடுதிக்குப் போய்ப் பாடக் குறிப்பைப் புரட்டினாள். மாதத்தைவிட வயிறு பெரிதாக இருந்தால் என்ன காரணம் என்று அவளே தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். முதல் வரி, சொன்ன தேதி தப்பாக இருக்கலாம். இரண்டாவது வரி, இரட்டைக் குழந்தை. இரண்டாவது வரி வரைக்கும் அவள் போகவே இல்லை.

மறுநாள் அப்பாசாமி வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இடுகாட்டுக்கு நடந்தான். திரும்பி வந்து பெண்டாட்டியின் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவளும் அழுதாள். பிள்ளைக்காக அழுகிறான் என்று நினைத்தாள். அதுவும் உண்மைதான்.

சாரதாம்பாள் ஒரே ஒரு தரம் கேட்டாள். "ரெட்ட வயிறு எப்படிடி அஞ்சு விரல் இருக்கும்?"

"தப்பா அளந்துட்டேன்க்கா."

சாரதாம்பாள் பெருமூச்சு விட்டாள். திட்டுவாள் என்று ருக்மணி எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை போல் இருந்தது. "படிக்கிற கை. தப்பத்தான் செய்யும். ஊசி போட்டது என் கை, நாந்தான் தொட்டுப் பாத்திருக்கணும். மேல கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ அழுவாத," என்று தலையைத் தடவிவிட்டுப் போனாள். தப்பாக அளந்தவள் என்று பெயர் வாங்குவது ருக்மணிக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. அவள் சரியாகத்தான் அளந்தாள்.

பத்தாம் நாள் குழந்தையைக் குளிப்பாட்டிக் காட்டிவிட்டு வீட்டுப் பார்வையை முடிக்க வேண்டும். ருக்மணி போனபோது வீடு வேறு வீடாக இருந்தது. பின்கட்டில் அஞ்சலை பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். அப்பாசாமி கடைத்தெருவுக்குப் போயிருந்தான். மீனாச்சி வயிற்றில் துணி இறுக்கிக் கட்டி, நெற்றியில் பத்துப் போட்டு, பாயில் சாய்ந்திருந்தாள். ருக்மணி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றினாள்.

"பிள்ளைகள் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது, மிஸ்ஸி," என்றாள் மீனாச்சி மலாயில். "அவர் இப்போது கிட்ட வந்து உட்காருகிறார். கக்கா, அவருடைய அக்கா, என் முகத்தைப் பார்க்கிறாள். இரண்டு மாதம் எதற்கு அப்படி இருந்தார்கள் என்று இன்னும் எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த இரண்டு மாதமும் என்னோடு உட்கார்ந்து பேசியவர் நீங்கள் மட்டும்தான். பிள்ளைக்கு உங்கள் பெயரை வைக்கலாம் என்று இருக்கிறேன். ருக்மணி. அவரும் சரி என்றுவிட்டார்."

ருக்மணி குவளையைக் கீழே வைத்தாள். வாசலில் அஞ்சலை வந்து நின்றாள். கையில் அகப்பை இருந்தது.

"வாங்கிக்கம்மா," என்றாள் தமிழில், சாதாரணமாக, விலை பேசுகிற குரலில். "பேர வாங்கிக்கிட்டு எந்திரிச்சுப் போயிரு. ஒண்ணும் சொல்லாத. நானும் சொல்ல மாட்டேன், அவனும் சொல்ல மாட்டான். புள்ளையத்தான் பறிகொடுத்துட்டா. புருசன் சந்தேகப்பட்டான்னு தெரிஞ்சா அவனையும்ல பறிகொடுப்பா."

"அக்கா, அந்தப் பேரு எனக்கு வேணாம்க்கா."

"உனக்கு வேணுமா வேணாமான்னு யாரு கேட்டா? அவளுக்கு எது நல்லதுன்னு பாரு."

"இப்படித்தான்க்கா நானும் நெனச்சேன். அட்டையில அழிச்சு எழுதுனப்ப."

மீனாச்சி இருவர் முகத்தையும் பார்த்தாள். "அவள் என்ன சொல்கிறாள், மிஸ்ஸி?"

குழந்தை காலில் துள்ளியது. ருக்மணி துண்டை எடுத்து அதைச் சுற்றினாள். பிறகு தலையைத் தூக்காமல் மலாயில் சொல்ல ஆரம்பித்தாள். ஜூலையில் ஆறு விரல் இருந்தது என்றாள். அது எட்டு மாதக் கணக்கு என்று நாங்கள் தமிழில் பேசினோம், சிங்கப்பூரையும் சேர்த்துப் பேசினோம், சிரித்தோம், நீங்களும் சிரித்தீர்கள் என்றாள். கக்காவுக்குத் தமிழ் தெரியும் என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் ஏழு விரல் இருந்தது, நான் மூன்று என்று எழுதினேன். உண்மையை எழுதியிருந்தால் பிடான் வந்து பார்த்திருப்பாள், இரண்டு இருப்பது தெரிந்திருக்கும், அந்த ஊசியைப் போட்டிருக்க மாட்டாள். ஓய்வு எடுக்கச் சொல்கிறார்கள் என்றேனே, அதுவும் பொய்.

"இன்றைக்கே பிடானிடமும் போய்ச் சொல்கிறேன்," என்று முடித்தாள். "உங்கள் பிள்ளைக்கு என் பெயர் வேண்டாம்."

பின்கட்டில் பயறு தீய்கிற வாடை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மீனாச்சி அழவில்லை. திட்டவும் இல்லை. செத்துப்போன பிள்ளையைப் பற்றிக் கேட்பாள் என்று ருக்மணி காத்திருந்தாள். அதற்கு ஒரு பதிலும் மனத்துக்குள் தயாராக வைத்திருந்தாள். மீனாச்சி அதைக் கேட்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவர் நம்பினாரா?"

அஞ்சலைதான் தன் தோட்டத்து மலாயில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நம்பினான். நான் சொன்னேன், நம்பிட்டான். இந்த ரெண்டும் பொறக்குற வரைக்கும் நம்பினான்."

மீனாச்சி கையை நீட்டினாள். ருக்மணி குழந்தையைக் கொடுத்தாள். அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரத் தலையைத் தன் சாரோங் நுனியால் துடைத்தாள், காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், அவசரம் இல்லாமல்.

"நான் பால் கொடுக்க வேண்டும்," என்றாள். "வெளியே இருங்கள்."

பிள்ளை பிறந்த அன்று இவர்கள் இருவர் முன்னாலும் கூச்சமில்லாமல் மார்பைத் திறந்து பால் கொடுத்தவள் அவள். இரண்டு பேரும் எழுந்து வராந்தாவுக்கு வந்தார்கள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டது. பையும் அட்டையும் உள்ளே இருந்தன, அஞ்சலையின் செருப்பும் உள்ளேதான் இருந்தது. கேட்க இருவருக்கும் துணிவு இல்லை.

சந்து முனையில் அப்பாசாமி வந்துகொண்டிருந்தான். ஜாலான் பெண்டஹாராவில் வாங்கிய புதுச் சாரோங் கக்கத்தில் இருந்தது, தொட்டில் கட்ட. மிஸ்ஸியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகக் கும்பிட்டான்.

"என்னக்கா, ரெண்டு பேரும் வெளிய நிக்கிறீங்க? பேரு முடிவாச்சா?" என்றவன் கதவைத் தள்ளிப் பார்த்தான். திறக்கவில்லை. இன்னொரு தரம் தள்ளினான். "மீனாச்சி," என்று கூப்பிட்டான். உள்ளே குழந்தை பால் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி, சிரிப்பு பாதி இறங்கிய முகத்தோடு இவர்களைப் பார்த்தான். "ஏன் தாழ்ப்பாள் போட்டிருக்கு? உள்ள என்ன நடந்துச்சு?"

இரண்டு பேருக்கும் தமிழ் நன்றாகத் தெரியும். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.